கலுங்கில் கட்டிய வலை

மழைக்காலக் காலைகளில் நான் எழுதும் செய்தி மூன்று வரிகளைத் தாண்டாது. முதல் வரியில் ஆறு, இரண்டாவதில் கண்மாய், மூன்றாவதில் வானம். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதை இட்ட பிறகே எனக்குக் காப்பி. இவ்வாறு செய்யும்படி என்னை யாரும் பணிக்கவில்லை. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின் வந்த முதல் ஐப்பசியில், வெள்ளாற்றுப் பாலத்தின் தூணில் கறுப்பும் வெள்ளையுமாய் அடிக்கணக்குத் தீட்டியிருப்பதைக் கண்டு, இதை நாள்தோறும் பார்ப்பவர் யார் என்று என் பங்காளியிடம் கேட்டேன். அவர் டிராக்டர் வைத்திருப்பவர். எந்தக் கேள்விக்கும் உடனடி விடையும் வைத்திருப்பவர்.

"தண்ணி வந்தா தன்னால தெரியும் வாத்தியாரே. அதப் போயி தூண்ல படிச்சுக்கிட்டா நிக்கிறது?" என்றார்.

மறுநாள் முதல் நான் படிக்கத் தொடங்கினேன்.

வெள்ளாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் நடுவே ஆடு மேயும். பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஆடுவார்கள். ஆகையால் அதற்கு அஞ்சும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் அது பெருகும் முறை தனியானது. எங்கள் தலைக்குமேல் பெய்யும் மழையால் அது பெரிதாகப் பெருகுவதில்லை. மேற்கே, மாவட்ட எல்லைக்கும் அப்பாலுள்ள குன்றுகளில் பெய்யும் மழைதான் மணலை நனைத்து, வழிநெடுகிலும் உள்ள கண்மாய்களின் மிச்சத்தையும் வாரிக்கொண்டு, எங்கள் பாலத்தைக் கடந்து, மணமேல்குடிப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. இங்கே வெயில் காயும்போது ஆறு ஏறும். இங்கே கொட்டித் தீர்க்கும்போது ஆறு அசையாமல் கிடக்கும். வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறவன் ஆற்றைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. இந்த ஓர் உண்மை என் மனத்தில் தங்குவதற்கே ஒரு மழைக்காலம் முழுதும் தேவைப்பட்டது.

மேற்கு வானம் எனக்குக் குடுமியான்மலையிலிருந்து தொலைபேசி வழியாக வரும். என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியை ஒருவர் அங்கே வசிக்கிறார். நலம் விசாரிப்பதற்கு அவர் பொழுதை வீணாக்குவதில்லை. "சார், இங்கிட்டு நல்லா ஊத்துது. நாளைக்கு மத்தியானத்துக்குப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவருடைய 'நாளைக்கு மத்தியானம்' பொய்த்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கைப்பேசியில் வரும் வானிலை அறிக்கையையும் நான் விடுவதில்லை. 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு' என்று அது கூறும். அந்த ஓரிரு இடங்கள் எவை என்று அது சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. படிக்கிற ஒவ்வொருவரும் அது அடுத்த ஊர் என்றே கொள்வர். நான் அவ்வாறு கொள்ளாமல் அறிக்கையை ஆற்றோடும் கண்மாயோடும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் அன்றைய சோறு எனக்கு நன்றாக இறங்கும். ஒன்று மற்றொன்றோடு முரண்பட்டால், முரணுக்குக் காரணம் காணும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. இலக்கணத்தோடு நெடுங்காலம் பழகியவனுக்கு இது நோய்போல் ஒட்டிக்கொண்ட குணம்.

ஊரார் என் செய்தியை 'வாத்தியார் நியூஸ்' என்றழைத்தார்கள். அதைப் படித்தவர்களைவிட, படிக்காமலே என்னைப் பார்த்துக் கேட்டவர்கள் மிகுதி. "சார், நாளைக்கு எங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து. பந்தலப் போடலாமா, மண்டபம் பார்க்கவா?" என்பார் ஒருவர். நெல்லைக் காயப்போட்டுவிட்டு, மழை வந்தால் என்மேல் வழக்குத் தொடுப்பதுபோல் பார்ப்பார் மற்றொருவர்.

ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வரத்துக்கால்தான் எங்கள் பெரிய கண்மாயை நிரப்புகிறது. நிரம்பி மிஞ்சும் நீர், கரையின் தென்கோடியில் கருங்கல் பாவிய கலுங்கின் மேலேறி, தானே வழிந்து, கீழ்க்கண்மாய்க்குப் போகும். கதவோ பூட்டோ இல்லாத வாயில் அது. கரையின் அடிவாரத்தில் ஒரு தெரு உண்டு. அத்தெருவின் கடைசி வீடு என் தங்கையுடையது.

அவள் கணவர் குவைத்தில் இருக்கிறார். அவர் அங்கே உழைக்க, இவள் இங்கே கொத்தனாரோடு மல்லுக்கு நின்று கட்டிய வீடு அது. கட்டி முடித்துப் பால் காய்ச்சிய அன்றும் அவரால் வர இயலவில்லை. காணொளி அழைப்பில் அறை அறையாகக் காட்டினாள். வீட்டின் கொல்லைச் சுவருக்கும் கண்மாய்க் கரைக்கும் இடையே ஒரு முருங்கை மரம் நிற்கும் அளவே இடம். கண்மாய் நிறைந்தால் அந்த முருங்கையடியில் நீர் கசியும். மண்கரை எதுவாயினும் சிறிது கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. கலங்கிக் கசிந்தால், கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். உடைப்பு அங்கேதான் பிறக்கும். கடைக்கால் தோண்டிய நாளிலேயே இதை அவளிடம் சொன்னேன்.

"ஒனக்கு எதப் பார்த்தாலும் வெள்ளந்தான்ணே. குடத்துத் தண்ணி சாஞ்சாலும் குரூப்புல போட்டுருவ" என்று சிரித்தாள்.

இனி மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் கண்மாய் வற்றி, நீர் முழங்கால் அளவுக்கு வரும்போது எங்கள் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்த்தலைவரான அம்பலகாரர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் ஒரு குஞ்சு மீனைக்கூடத் தொடலாகாது. துண்டு அசைந்ததும், வலையும் ஊத்தா என்னும் மூங்கிற்கூடையுமாக ஊரே சேற்றில் இறங்கும். பிடித்த மீனை விற்பதில்லை. அன்று எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு; வேற்றூரில் வாழும் பெண்மக்கள் எல்லாரும் அன்று பிறந்த ஊரில் இருப்பார்கள். மழை பொய்த்து, கண்மாய் நிறையாமல், சில ஆண்டுகளாக எங்கள் ஊரில் அந்தத் துண்டு அசையவில்லை.

நான் சொல்லும் ஆண்டில் ஐப்பசியிலேயே கண்மாய் பெருகியது. மகளிர் குழுவின் தலைவி என் தங்கை. பெண்கள் கூடி மீன்குஞ்சுகளை வாங்கி வந்து கண்மாயில் விட்டார்கள். குஞ்சுகள் கலுங்கின் வழியே கீழ்க்கண்மாய்க்கு ஓடிவிடாதிருக்க, கலுங்கின் இக்கரைக்கும் அக்கரைக்கும் கம்புகள் நட்டு, நெருக்கமான கண்களையுடைய நைலான் வலையை இழுத்துக் கட்டினார்கள். பங்குனியில் திருவிழா, அதற்கு விடுப்பெடுத்து வருவதாக அவள் கணவர் வாக்களித்திருந்தார். புதுவீட்டின் வாசற்படியை அவர் மிதிக்கப்போவதும் அன்றுதான்.

கார்த்திகையில் ஒரு காலை. இரண்டு நாள் பெய்த மழை முந்தின நாளே நின்று, வெளுத்த வெயில் அடித்தது. பாலத்திற்குப் போய்த் தூணைப் பார்த்தேன். ஆறு ஓரடிக்கு மேல் இறங்கியிருந்தது. திரும்பும் வழியில் கண்மாய் மடையருகே உள்ள அளவுக்கல்லைப் பார்த்தேன்; நீர் நேற்றைய அளவைவிட நான்கு விரல் ஏறியிருந்தது. கண்ணை நம்பாமல் குனிந்து கையை வைத்து அளந்தேன். விரல் நான்குதான். வீட்டுக்கு வந்து எழுதினேன்:

'ஆறு இறங்குகிறது. கண்மாய் நேற்றினும் நான்கு விரல் உயர்ந்துள்ளது. மேற்கே இன்று மீண்டும் கனமழைக்கு வாய்ப்பு.'

குழுவில் கைகூப்பும் படங்களும் சிரிக்கும் முகங்களும் வரிசையாக வந்தன. எனக்குக் காப்பி இறங்கவில்லை. ஆறு இறங்கினால் வரத்து குறைய வேண்டும். இங்கே மழையும் இல்லை. பிறகு கண்மாய் ஏறுவானேன்? வருவது குறைந்தும் இருப்பது கூடுகிறதென்றால், போவது நின்றிருக்க வேண்டும். அந்த எண்ணம் முடிவதற்குள் குடுமியான்மலையிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், இங்கிட்டு விடியக்காலையில இருந்து நிக்காம ஊத்துது. நேத்து மாதிரி இல்ல. நாளைக்கு மத்தியானம்னு வச்சுக்கங்க."

டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கலுங்குக்கு நடந்தேன்.

அங்கே திருநாள் நடந்துகொண்டிருந்தது. கலுங்கு பாய்ந்தால் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் இட்டு, பூவைத்து, சூடம் கொளுத்துவது வழக்கம். கல்லின்மேல் நீர், பட்டுத்துணியை விரித்ததுபோல் மெல்லிதாக, ஓசையின்றி வழிந்தது. அந்த அமைதியைத்தான் அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்மாய்த் தாய் குளிர்ந்திருக்கிறாள் என்றாள் ஒருத்தி. நான் வலையைப் பார்த்தேன். அதில் வலை என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. பாசியும் ஆகாயத்தாமரையும் வரத்துக்கால் அடித்துவந்த வைக்கோலும் நெகிழிப் பைகளும் அப்பி, அது சுவராகியிருந்தது. சுவருக்கு உட்புறம் நீர் வெளிப்புறத்தைவிட ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து நின்றது. கட்டிய கம்புகள் வெளிப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தன.

கையில் சூடத்தட்டோடு தங்கை திரும்பினாள்.

"என்னண்ணே, சாமி கும்புட வந்தியா, பரீச்ச வைக்க வந்தியா?"

"வலைய எடுக்கணும் ஆத்தா."

தட்டைக் கல்மேல் வைத்தாள். "காலையில நீதான போட்ட, ஆறு எறங்குதுன்னு? ஊரே நிம்மதியா இட்லி சாப்புட்டுச்சு. இப்ப வந்து வலைய எடுங்குற."

"அதுக்குக் கீழ ரெண்டு வரி இருந்துச்சே."

"மூணு வரியையும் யாரு படிக்கிறா? மொத வரிய முடிக்கிறதுக்குள்ளயே எங்களுக்குப் பள்ளிக்கூட நெனப்பு வந்து தூக்கம் வந்துருது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பங்காளியும் அங்கே நின்றார். "பாருங்க வாத்தியாரே, தண்ணி பூப்போலப் போகுது. இதுல என்ன பயம்?" என்றார்.

"பூப்போலப் போறதுதான் பயமா இருக்கு. நெறஞ்ச கண்மாய் எரஞ்சுக்கிட்டுல்ல போகணும்?"

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. வேட்டியை மடித்துக்கட்டி, இருவரோடு கலுங்கில் இறங்கி, பாசியை வாரி வெளியே எறியத் தொடங்கினார். வலையைக் காப்பாற்றிக்கொண்டே நீருக்கு வழி செய்வது அவர் எண்ணம்; நானும் கைகொடுத்தேன். ஒரு முழத்துக்கு வலைக்கண் தெரிந்தது. நீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலே கண்மாயில் மிதந்த செத்தை முழுவதையும் அங்கே இழுத்து வந்தது. நாங்கள் நிமிர்ந்து மூச்சு வாங்குவதற்குள் அந்த இடம் மீண்டும் மூடிக்கொண்டது. எடுக்க எடுக்க அடைத்தது. நான் உட்புறக் கரையோரம், நீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, அதற்கு மேலே மற்றொன்றை ஊன்றினேன்.

இதற்குள் செய்தி போய், அம்பலகாரர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். எழுபதைக் கடந்தவர், எதையும் இரண்டு முறை கேட்டுவிட்டே வாய் திறப்பவர். நான் சொன்னதை இரண்டு முறையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சார். ஆனா பொம்பளைக விட்ட மீனு. அவுக கட்டுன வலை. அவுக அவுக்கச் சொல்லாம நான் எப்படி அவுக்கச் சொல்றது?"

எல்லாரும் என் தங்கையைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தனியே சற்றுத் தள்ளி அழைத்துப் போனேன்.

"நாளைக்கு மத்தியானம் மேக்குத் தண்ணி வந்துரும். இப்ப இருக்குறதுக்கு மேல ஓரடி ஏறுனாக் கரை தாங்காது. தாங்காட்டி மொதல்ல போறது ஒன் வீடு."

"கரை எத்தன வருசமா நிக்குது."

"கலுங்கு தொறந்து கெடந்ததுனால நின்னுச்சு. சரி, வலையத்தான் விடமாட்ட. சாமானத்த எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்காவது வா."

"எம் மீனும் போகணும், நான் வீட்டையும் விட்டு வரணும். வேற என்ன வேணும் ஒனக்கு?" குரல் உடைந்துவிடாமலிருக்க அவள் அதை உயர்த்தினாள். "அவுக இன்னும் அந்த வாசப்படிய மிதிக்கலண்ணே. பங்குனிக்கு வாரேன், மீனு புடிக்கிறோம், நம்ம வீட்டுல ஆக்குறோம்னு தெனம் போன்ல சொல்றாக. என்னன்னு சொல்லச் சொல்ற? எங்கண்ணன் தொறந்துவிட்டாருன்னா?"

"கொழம்பு வைக்க வீடு இருக்கணும்ல ஆத்தா?"

"வாயக் கழுவு" என்றாள். தட்டையும் எடுத்துக்கொள்ளாமல் கரைவழியே வீட்டை நோக்கி விடுவிடென்று நடந்துவிட்டாள்.

அவள் போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்ற எண்ணம் வந்தது. சொன்னதில் மிகை ஏதும் இல்லையே என்ற எண்ணமும் உடன் வந்தது. கிராம நிர்வாக அலுவலருக்குப் பேசினேன். அவர் வேறோர் ஊரில் சாலை அறுந்து சிக்கியிருந்தார். "நெட்ட எடுத்துரச் சொல்லுங்க சார், நான் எப்படியாவது வந்துர்றேன்" என்றார். எப்படியாவது என்பது எப்போது என்று அவருக்கும் தெரியாது.

திரும்பி வந்து அம்பலகாரரிடம் சொன்னேன். "இங்க ரெண்டு குச்சி நட்டிருக்கேன். கீழ்க்குச்சி முங்கிக்கிட்டிருக்கு. மேல்குச்சியத் தண்ணி தொட்டா, யாரையும் கேக்க மாட்டேன். நானே எறங்கி வலைய அறுப்பேன்."

"ஊர்க்கூட்டத்துல நிக்கணும் சார்."

"நிக்கிறேன். கூட்டம் போட ஊரு இருந்தாச் சரி."

பங்காளி டிராக்டரிலிருந்து அரிவாளை எடுத்துவந்து என்னருகே கல்லின்மேல் வைத்தார். அது எனக்குத் துணையாகவா, என்னைச் சோதிக்கவா என்று இன்றுவரை நான் அவரைக் கேட்டதில்லை.

வெயில் இருந்தது; மேற்கே மட்டும் வானத்தின் அடிப்பகுதி கறுத்துக் கிடந்தது. குச்சியருகே குந்தியிருந்தேன். பிறகு கைப்பேசியை எடுத்துத் தங்கைக்கு ஒரு வரி எழுதினேன். 'முருங்கையடித் தண்ணியக் கண்ணாடி டம்ளர்ல புடிச்சுப் பாரு.' என் வாழ்நாளில் பேச்சு நடையில் எழுதிய முதற் செய்தி அதுவாகத்தான் இருக்கும். அவள் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் தோன்றின.

மேல்குச்சிக்கும் நீருக்கும் இடையே ஒரு விரற்கடை இருந்தபோது, கரைமேல் அவள் வருவது தெரிந்தது. ஓடவில்லை; ஓடினால் கையிலிருப்பது சிந்திவிடும் என்பதுபோல் விரைந்து நடந்தாள். வலக்கையில் ஒரு கண்ணாடி டம்ளர். இடக்கையால் அதன் வாயை மூடியிருந்தாள். என்னைத் தாண்டிப் போய் அம்பலகாரர் முன்னே நீட்டினாள்.

"என்ன தங்கச்சி, அவருக்கு மட்டுந்தான் டீயா?" என்று தொடங்கிய பங்காளி, டம்ளரை உற்றுப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

டம்ளரில் செம்மண் நிறத்தில் நீர் இருந்தது. அடியில் நுண்மணல் படிந்துகொண்டிருந்தது.

"எங்க வீட்டுக் கொல்லைத் தண்ணி மாமா. காலையில பார்த்தேன், பளிங்கா இருந்துச்சு. நேத்தும் பார்த்தேன். முந்தாநேத்தும் பார்த்தேன். இப்ப இப்படி வருது."

நாள்தோறும் அவள் பார்த்திருக்கிறாள். என்னிடம் சிரித்துவிட்டு, நான் போனபின் முருங்கையடிக்குப் போய்க் குனிந்து பார்த்திருக்கிறாள். இது எனக்கு அந்நேரத்தில் தெரிந்தது. அதைப் பற்றி எண்ணுவதற்குத்தான் நேரமில்லை.

அம்பலகாரர் டம்ளரை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். இரண்டாம் முறை பார்க்கவில்லை. "என்ன ஆத்தா சொல்ற?" என்று அவளையே கேட்டார்.

"அருவாள எடுங்க" என்றாள்.

எடுத்தது அவளேதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். "நடுவுல வெட்டாத! ஓரத்துக் கட்ட அறு, கதவு மாதிரி தானாத் தொறக்கும்" என்று கத்திக்கொண்டே நானும் பங்காளியும் அவள் பின்னால் இறங்கினோம். ஆளுக்கொரு பக்கம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டோம். கடைசிக் கம்பின் கயிற்றை அறுத்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. வலை ஒருகணம் தயங்கியது. பிறகு பாசியும் செத்தையுமாகப் பெருமூச்சு விட்டதுபோல் விலகி, நீரோடு சாய்ந்து, கலுங்கின் ஒரு புறமாய் ஒதுங்கியது. நாள் முழுதும் ஊமையாயிருந்த கலுங்கு இரைந்தது. நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை.

மீன்கள் போயின. கெண்டையும் ரோகும் விரல்நீளமும் அதற்குச் சற்றுக் கூடுதலுமாக வெள்ளி தெறித்தாற்போல் கல்லைத் தாண்டின. சில அவள் காலில் மோதி விலகிச் சென்றன. கரையிலிருந்த பெண்கள் "ஐயோ, ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. அரிவாளைக் கையில் வைத்தபடியே, கடைசி மீன் போகும்வரை பார்க்கப்போகிறவள்போல் நின்றாள். நான் திரும்பி என் மேல்குச்சியைப் பார்த்தேன். அதன்மேல் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. அக்கோட்டிற்குக் கீழே நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் பங்காளி டிராக்டரில் ஆற்றுமணலும் சல்லியும் கொண்டுவந்தார். கலங்கிய நீரை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் வேறிடத்தில் பிளக்கும். மண்ணைத் தடுத்து நீரை மட்டும் போகவிட வேண்டும். முருங்கையைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவே மணலும் அதன்மேல் சல்லியும் பரப்பினோம். தெரு முழுவதும் மூட்டை தூக்கியது. சூடம் கொளுத்தியவர்களே மண்வெட்டி பிடித்தார்கள். எல்லாம் முடிந்து, தங்கையை வீட்டைப் பூட்டச் சொன்னபோது, மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது எதுக்கு?"

"வீட்ட நீ பார்த்துக்க. மிக்ஸிய நான் பார்த்துக்கறேன்" என்றாள். பகல் முழுதும் அவள் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

மறுநாள் மத்தியானம், சொல்லிவைத்ததுபோல், ஆறு வந்தது. பாலத்துத் தூணில் நான் அதுவரை கண்டிராத உயரத்தில், மரக்கிளைகளையும் எங்கோ முறிந்த வேலியையும் சுமந்துகொண்டு பழுப்பாகப் புரண்டது. வரத்துக்கால் இருகரையும் தொட்டு ஓடியது. கலுங்கு அன்றும் மறுநாளும் இரைந்த இரைச்சல் எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. அத்தனை வரத்துக்கும் கண்மாய், முந்தின நாள் என் மேல்குச்சி நின்ற இடத்தைத் தொடவில்லை. முருங்கையடி நீர் மூன்றாம் நாள் தெளிந்தது. தங்கை அதை டம்ளரில் பிடித்து வந்து, இம்முறை என்னிடமே நீட்டினாள். நான் வாங்கிப் பார்த்தேன். அடியில் எதுவும் படியவில்லை. அன்று மாலையே மிக்ஸியோடு தன் வீட்டுக்குப் போனாள்.

ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டிய நிலை எனக்கு வரவில்லை. கூட்டம் மட்டும் நடந்தது. இனி கலுங்கு பாய்வது நின்ற பிறகே மீன்குஞ்சு விடுவது, கலுங்குக் கல்லில் வலையோ தட்டியோ எதுவும் கட்டுவதில்லை என்று முடிவாயிற்று. அம்பலகாரர் அதை இரண்டு முறை சொன்னார்.

பங்குனியில் எங்கள் கண்மாயில் துண்டு அசையவில்லை. அசைத்துப் பயனில்லை. ஆனால் கீழ்க்கண்மாய் ஊரிலிருந்து ஆள் வந்தது. "ஒங்க மீனு எங்ககிட்டத்தான் இருக்கு, எல்லாரும் வந்துருங்க" என்று அழைப்பு. தங்கையின் கணவர் வந்திருந்தார். அவர் வாசற்படியை மிதித்தபோது நான் அங்கே இருந்தேன். முதலில் கொல்லைக்குப் போய் முருங்கையைப் பார்த்தார். பிறகுதான் அறைகளைப் பார்த்தார்.

கீழ்க்கண்மாயின் சேற்றில் இடுப்பளவு நனைந்து நின்றாள் என் தங்கை. அவள் ஊத்தாவில் கையகலக் கெண்டை ஒன்று அகப்பட்டது. அந்த ஊர்ப் பெண்ணொருத்தி, "பாத்தியா, எங்க கண்மாய் மீனு எம்புட்டுக் கொழுப்புன்னு!" என்றாள்.

"பொறந்தது எங்க ஊருல ஆத்தா. ஒங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்திருக்கு. நல்லாச் சோறு போட்டிருக்கீங்க, அது வரைக்கும் சரி" என்றாள் இவள். மீனைக் கணவர் பிடித்திருந்த பையில் போட்டாள். அன்று அந்தப் புதுவீட்டின் அடுப்பில் குழம்பு கொதித்தது. நானும் உண்டேன்.

அதற்குப்பின் இரண்டு மழைக்காலங்கள் வந்து போயின. இப்போதும் விடிந்ததும் பாலத்துக்குப் போகிறேன், மடைக்கல்லைப் பார்க்கிறேன், அறிக்கையைப் படிக்கிறேன், குடுமியான்மலையின் அழைப்புக்குக் காத்திருக்கிறேன். செய்தி மட்டும் இப்போது நான்கு வரிகளாகிவிட்டது. நான்காம் வரியை நான் எழுதுவதில்லை. என் மூன்று வரிகள் குழுவில் ஏறிய சற்று நேரத்தில், அவற்றிற்குக் கீழே ஒரு கண்ணாடி டம்ளரின் படமும், என் தங்கையின் எழுத்தும் வந்து சேரும். அவளுடைய எழுத்தை நான் திருத்துவதில்லை. இன்று காலை வந்தது இது:

'கொல்லைத் தண்ணி பளிங்கா இருக்கு. எல்லாரும் அண்ணன் போட்ட மூணு வரியையும் படிங்க.'